மருந்து கொடுத்தோம்; நலம் விளைந்ததா?



இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் செல்வோர் பலமுறை கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒரு பந்தல், இரண்டு மேசைகள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஊசி, மாத்திரைப் பொட்டலங்கள், பெயர் எழுதும் இளைஞன் ஒருவன். கோவிலார் நடத்துவதும் உண்டு. மன்றத்தார், தொழிற்சாலையார் நடத்துவதும் உண்டு. இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமே அத்தகைய முகாம் ஒன்றை இரண்டாண்டுக் காலம் மாதந்தோறும் நடத்தினோம். ஆயினும், இதனால் யாருக்கு என்ன நலம் விளைந்தது என்று கேட்டுப்பார்க்க நமக்கு அவ்விரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. அக்கேள்வியும் நம் உள்ளத்தில் தானாக எழுந்ததன்று.

பங்குப் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில் முகாமின் அறிக்கை வாசிக்கப்பெற்றது. "இத்தனை பேர் பயன் பெற்றனர்" என்று செயலாளர் ஓர் எண்ணை உரக்கப் படித்தார். அவ்வெண்ணை ஈண்டு எழுத நாணுகிறோம்; அவ்வளவு பெரியது. அனைவரும் கைதட்டினர், நாமும் தட்டினோம். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த, செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற அருட்சகோதரி ஒருவர் மெல்ல எழுந்து, "பாதர், அது அத்தனை பேரா, அத்தனை தடவையா?" என்று கேட்டார்.

மண்டபம் அமைதியாயிற்று. அன்றிரவே பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்தோம். ஒரே பெயர் பன்னிரு முறை, பதினைந்து முறை வந்திருந்தது. மாதந்தோறும் வந்தவர் மாதந்தோறும் புதியவராக எண்ணப்பட்டிருந்தார். நாம் எண்ணியது மனிதரை அன்று, வருகைகளை.

இந்தத் தவறு நம் பெருமையை மட்டுமே காயப்படுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. அதற்கு அடுத்த திங்களில் நடந்ததுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது.

முறுக்கு டப்பாவில் இருந்த மாத்திரைகள்

மீன் விற்கும் ஆயா ஒருவர் நம் முகாமுக்குத் தவறாமல் வருபவர். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு மாதமும் விடாமல் குறி இருந்தது. நம் கணக்கில் அவர் முழு வெற்றி. ஒரு நாள் விடியற்காலையில் ஏலத்துக்குப் புறப்பட்டவர் வாசற்படியிலேயே சரிந்தார். பக்கவாதம். இறைவன் அருளால் உயிர் தப்பிற்று, வலக்கை தப்பவில்லை.

அவரைக் காணச் சென்ற அருட்சகோதரி, மருத்துவமனைக்குக் காட்டுவதற்காகப் பழைய மருந்துகளைக் கேட்டார். மருமகள் பரணிலிருந்து ஒரு முறுக்கு டப்பாவை இறக்கித் தந்தாள். நாம் மாதந்தோறும் கொடுத்த மாத்திரைகள் அட்டை கலையாமல் அதில் அடுக்கப்பட்டிருந்தன.

ஏன் உட்கொள்ளவில்லை என்று நாம் கேட்டபோது ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில நாள் கழித்து அருட்சகோதரி தனியே அமர்ந்து பேசியபோதுதான் காரணம் வெளிவந்தது. "சிஸ்டரம்மா, அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒதுங்கணும். மார்க்கெட்டுல பொம்பளைக்கு ஒதுங்க இடம் எங்க இருக்கு? இத அந்தப் பையன்கிட்ட எப்படிச் சொல்றது? சாமிகிட்டதான் எப்படிச் சொல்றது?"

அது நீர் பிரியச் செய்து அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. விடியலிலிருந்து நண்பகல் வரை கூடையின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அது என்ன துன்பம் தரும் என்று நாம் எண்ணவில்லை. எண்ணாதது மட்டுமன்று, அதை அறிந்துகொள்ளும் வழி எதையும் நம் முகாமில் வைத்திருக்கவில்லை. பெயர், வயது, தெரு, அழுத்தம், மாத்திரை கொடுத்ததற்கு ஒரு குறி. நம் பதிவேட்டில் இருந்தவை இவ்வளவே. "உட்கொண்டீரா?" என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த இளைஞனிடம் அவர், "ஆமாம் தம்பி" என்றே சொல்லியிருப்பார்.

ஒரு நலப்பணி பயன் தருகிறதா என்று அறிய எந்தச் செய்தியை, யாரிடம், எவ்வழியில் திரட்டுவது என்பது அலுவலகத்தாரின் வேலை என்று அதுவரை எண்ணியிருந்தோம். ஆயாவின் வலக்கை நமக்கு வேறு பாடம் கற்பித்தது.

சென்னை உலகுக்குக் கற்பித்த பாடம்

அப்பாடம் நம் நகரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதைப் பின்னர் அறிந்து வெட்கமுற்றோம்.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி நடத்திய நிலையம் அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனச் சேத்துப்பட்டில் விளங்குவது அதுவே. அந்நாளில் காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு தந்தால்தான் பிழைப்பான் என்பது பொதுக்கருத்து. நெரிசலான குடிசையில் வாழும் ஏழை தன் வீட்டிலேயே மருந்துண்டு பிழைக்க இயலுமா? டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பாரின் தலைமையில் அங்கிருந்தோர் இதைச் சோதிக்க முனைந்தனர். 193 நோயாளிகள், ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் தத்தம் வீட்டில். யார் எங்கே என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறை முடிவு செய்தது. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே.

1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர். வீட்டிலுள்ள பிறருக்கு நோய் அதனால் மிகுதியாகப் பரவவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இவ்வாய்வு பெருங்காரணம்.

நம் கட்டுரைக்கு வேண்டுவது அவர்கள் செய்தி திரட்டிய முறை. "மருந்து கொடுத்தோம்" என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. "உட்கொண்டேன்" என்ற நோயாளியின் சொல்லையும் அப்படியே ஏற்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரில் மருந்தின் சுவடு உளதா என்று சோதித்தனர். சளியை வளர்த்துக் கிருமி உளதா என்று பார்த்தனர். நோயாளியைப் பொய்யர் என்று கருதியதால் அன்று. மனிதர் மறப்பர், நாணுவர், நல்லவர் மனம் நோகக் கூடாது என்று இனிய சொல் சொல்வர் என்பதை அறிந்திருந்ததால். அம்முறைகளுள் மிக எளியதான மாத்திரை எண்ணுதலை நாம் ஒரே ஒரு முறை செய்திருந்தால் அந்த முறுக்கு டப்பா ஓராண்டுக்கு முன்பே திறக்கப்பட்டிருக்கும்.

கேட்டல், அளத்தல், பரிசோதித்தல்

தொற்றா நோய்களைக் கணக்கெடுக்க உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு. முதற்படி, வினாத்தாள் கொண்டு கேட்டல். இரண்டாம் படி, உயரம், எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளத்தல். மூன்றாம் படி, இரத்தத்தைப் பரிசோதித்தல். படி ஏற ஏறச் செலவு கூடும்; ஐயம் குறையும். தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இம்முறையில் கணக்கெடுத்தபோது, வயது வந்தோரில் ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவர்களுள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்பது தெரியவந்தது.

கொடுத்த மாத்திரைகளை மட்டும் எண்ணும் பதிவேடு எதிலும் அந்த ஏழு வந்திராது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. நல்ல திட்டம். ஆயினும் அங்கும் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வாசலுக்குச் சென்றோம் என்பதோடு முடியாது. சென்ற வாசல்களுக்குள் எத்தனை பேருடைய அழுத்தம் தணிந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அளப்பதிலும் நேர்மை வேண்டும். நடந்து வந்தவரை உடனே உட்கார வைத்து அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடமேனும் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். அரை மணிக்குள் தேநீரோ புகையோ கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒரு முறைக்கு மூன்று முறை அளந்து, பின்னிரண்டின் சராசரியைக் கொள்ளல் வேண்டும். நம் பதிவேட்டை இந்தக் கண்ணோடு மீண்டும் புரட்டினோம். பெரும்பாலான எண்கள் பூஜ்யத்தில் முடிந்தன: 140, 90, 150, 100, 130, 80. மனித உடல் அவ்வளவு ஒழுங்காகப் பூஜ்யங்களில் நிற்பதில்லை. வரிசை நீண்டபோது நம் இளைஞர்கள் குத்துமதிப்பாக எழுதியிருந்தனர். அவர்கள்மேல் குற்றமில்லை, விரைவாக முடிக்கச் சொன்னது நாம்.

வந்தவரும் வராதவரும்

நற்செய்தியில் தொழுநோயாளர் பத்துப் பேர் நலமடைந்த நிகழ்ச்சியை அறிவீர்கள். திரும்பி வந்தவர் ஒருவரே. திரும்பி வந்தவரை மட்டும் எண்ணிய ஒருவன், பத்தில் ஒன்றே பலித்தது என்று எழுதியிருப்பான். உண்மையில் பத்தும் பலித்தது. நம் முகாம்களில் இது தலைகீழாக நடக்கிறது. திரும்பி வருவோர் நலமாயிருப்போர். அவர்களை மட்டும் பார்த்து, எல்லாரும் நலம் என்று எழுதுகிறோம். வராதவர் எங்கே? கடலுக்குச் சென்றவர், மணலியிலோ எண்ணூரிலோ இரவு முறை முடித்து உறங்குபவர், மது அருந்தியிருப்பதால் கோவில் வளாகத்துக்குள் வர நாணுபவர், படுக்கையில் கிடப்பவர். முகாம் யாருக்காக நடந்ததோ அவர்களே முகாமின் கணக்கில் இல்லை.

ஆகவே முதலில் வேண்டுவது வீட்டுப் பட்டியல். பங்குக் குருக்களுக்கு இது புதிதன்று. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூலே ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளோடு, வீடுவாரியாக "ஆன்மாக்களின் நிலை" என்னும் ஏட்டையும் வைத்துக்கொள்ளப் பணித்தது. நம்மிடமும் குடும்ப ஏடு உண்டு. அதையே பட்டியலாகக் கொள்ளலாம் என்று முதலில் எண்ணினோம். அருட்சகோதரி தடுத்தார். "பாதர், அதிலே நம்ம ஆளுங்க மட்டும்தானே இருக்காங்க?" உண்மை. அடுத்த வாசலில் உள்ள இந்துக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ அதில் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் எண்மராய்த் தங்கியிருக்கும் இளைஞர் இல்லை. இரத்த அழுத்தம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தாலும், அப்பட்டியலில் இல்லாதவர் யார் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் செல்ல இயலாதபோது சில வீடுகளைத் தேர்வது எங்ஙனம்? தெரிந்த வீட்டுக்கும், காப்பி தரும் வீட்டுக்கும் செல்வதே நம் இயல்பு. தடுப்பூசிப் பணியைக் கணக்கெடுக்க உலகெங்கும் பல்லாண்டு வழங்கிய எளிய முறை ஒன்று உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப 30 பகுதிகளைக் குலுக்கலில் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வயதுக் குழந்தைகள் எழுவரைப் பார்த்தல். ஆக 210 குழந்தைகள். தாய் சொல்வதைக் கேட்பதோடு தடுப்பூசி அட்டையையும் பார்ப்பர். பிசிஜி ஊசிக்கு இடப்புயத்துத் தழும்பையும் பார்ப்பர். விடையில் பத்து விழுக்காடு முன்பின் இருக்கலாம். எந்தத் தெரு பின்தங்கியது என்று அது சொல்லாது. ஆயினும் நூற்றுக்கு ஐம்பதா எண்பதா என்று அறிய அது போதும். வேண்டிய அளவுக்குத் துல்லியம், இயன்ற அளவுக்குச் செலவு: இதுவே அம்முறையின் அறிவு.

ஏடுகளை ஒப்பிடல்

2020ஆம் ஆண்டை நம் பகுதி மறவாது. அவ்வாண்டு ஜூலை முடிவில் சென்னையில் கொரோனா உறுதியானோர் என்று ஏட்டில் இருந்தவர் ஏறத்தாழ ஓர் இலட்சம். அதே ஜூலையில் மாநகராட்சியும், நகரிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தன. ஐவரில் ஒருவருக்கு மேல் அந்நோய் வந்து சென்ற அடையாளம் இருந்தது. நகர மக்கள்தொகைக்குக் கணக்கிட்டால் அது பதினைந்து இலட்சத்தைத் தாண்டும். நம் தொண்டையார்பேட்டை மண்டலத்தில் அவ்வடையாளம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். இராயபுரம் மண்டலத்தில் மூவரில் ஒருவருக்கு. ஏடு பொய் சொன்னதா? இல்லை. சோதனைக்கு வந்தவரை அது எண்ணிற்று. வராதவரை எண்ண அதற்கு வழியில்லை.

இறந்தோர் கணக்கிலும் அவ்வாறே. அதே ஜூலை 22ஆம் நாள், முன்பு விடுபட்டிருந்த 444 இறப்புகளைத் தமிழக அரசு கணக்கில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவும் மாநில நலத்துறைப் பட்டியலும் ஒப்பிடப்பட்டதால் வெளிவந்த எண் அது. ஒரே செய்தியை இரண்டு ஏடுகளில் தேடிப் பார்ப்பதும் செய்தி திரட்டும் முறைகளுள் ஒன்று. செலவு மிகக் குறைந்ததும் அதுவே.

ஏட்டில் இடம்பெற்ற இறப்புக்கும் காரணம் தெளிவாக இராது. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் சென்று, இறுதி நாட்களில் என்னென்ன நேர்ந்தன என்று உற்றாரிடம் கேட்டெழுதினர். அவற்றை மருத்துவர் படித்துக் காரணம் கண்டனர். டாக்டர் கஜலட்சுமியும், ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்டு பீட்டோ முதலியோரும் செய்த ஆய்வு அது. காரணம் தெளிவற்ற இறப்புகள் 37 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தன. மருத்துவமனை அறியாததைத் தாயும் மனைவியும் அறிந்திருந்தனர். கேட்பார்தாம் வந்ததில்லை.

கேட்பவர் யார்?

இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் 1854இல் காலரா பரவி அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெருக் குழாயின் நீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ கூறியதை அங்கிருந்த ஆங்கிலிக்கன் உதவிக்குரு ஹென்றி வைட்ஹெட் நம்பவில்லை. மறுத்துக் காட்டவே வீடுவீடாகச் சென்றார். ஒரே வீட்டுக்குப் பன்முறை சென்றார். யார் எங்கே தண்ணீர் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று கேட்டு எழுதினார். முடிவில் மருத்துவர் சொன்னதே மெய் என்று தம் ஏடே காட்டக் கண்டு, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நோயின் முதற் குழந்தை எந்த வீட்டினது என்று கண்டறிந்தவரும் அவரே. மக்கள் அவரை அறிந்திருந்ததால் வாய் திறந்தனர்; தாம் விரும்பிய விடையை அவர் தேடாததால் உண்மை கிடைத்தது.

நமக்கு இதில் ஒரு பாதி மட்டும் உண்டு. மக்கள் நம்மை அறிவர். ஆனால், "முகாம் நன்றாயிருக்கிறதா?" என்று அங்கி அணிந்த ஒருவர் கேட்டால், "இல்லை" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மரியாதை உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. ஆகவே பெண்களைப் பெண்கள் கேட்கட்டும். மருந்து கொடுத்தவரே பயனைக் கேட்க வேண்டாம், வேறொருவர் கேட்கட்டும். எண் வேண்டுமாயின் வினாத்தாள். காரணம் வேண்டுமாயின் பாயில் அமர்ந்து பேசும் பேச்சு. வினாவும் நினைவுக்கு எட்டுவதாய் இருக்கட்டும். "சென்ற ஆண்டு எத்தனை முறை வயிற்றுப்போக்கு?" என்றால் எந்தத் தாயாலும் சொல்ல இயலாது, அதனால்தான் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கின்றனர்.

கருவி ஒன்றே போதும் என்பாரும் உளர். மக்கள் சொல்லே போதும் என்பாரும் உளர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கருவிக்கு முன்பே கண்ணும் தொண்டையும் அதை அறிவித்தன. மக்கள் தெருவில் ஓடினர். ஆயினும் எவ்வளவு என்று மூக்கால் சொல்ல இயலாது. அதற்குக் கருவி வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாங்கும் தூண். ஒன்றை விட்டால் கூரை சாயும்.

இன்னும் ஒன்று. நலம் விளைந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது நம்மால் விளைந்ததா? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு இராயபுரத்தில் நாம் இருமல் முகாம் நடத்தியிருந்து, பின்னர் இருமல் குறைந்திருந்தால், "எங்கள் கஷாயத்தால் குறைந்தது" என்று மேடையில் சொல்லியிருப்போம். ஆகவே, தொடங்குமுன் ஒரு முறை அளக்க வேண்டும். நம் பணி செல்லாத அண்டைப் பகுதி ஒன்றையும் அதே நாட்களில் அளக்க வேண்டும். முன்னும் பின்னும், இங்கும் அங்கும் என்ற நான்கும் இருந்தால்தான் புகழ் யாருக்குரியது என்று சொல்ல இயலும்.

நாம் இப்போது செய்வது

முகாமை நாம் நிறுத்தவில்லை, மாற்றினோம். முதலில் கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். கேள்வி எதுவோ அதற்கேற்ற வழியைத் தேர்ந்தோம். எத்தனை பேர் வந்தனர் என்பதற்குப் பதிவேடு. ஒருவருக்கு ஓர் எண், ஓர் அட்டை. வர வேண்டியவர் எத்தனை பேர் என்பதற்கு, சமயம் பாராது தெருவாரியாக எழுதிய வீட்டுப் பட்டியல். அழுத்தம் தணிந்ததா என்பதற்கு, பட்டியலிலிருந்து குலுக்கித் தேர்ந்தவர்களை ஆறு திங்களுக்கு ஒரு முறை அவர் வீட்டிலேயே அளத்தல். கடலுக்குச் செல்வோரைக் கரை திரும்பும் வேளையில் பார்த்தல். மருந்து உட்கொள்கின்றனரா என்பதற்கு மாத்திரை எண்ணுதல். ஏன் இல்லை என்பதற்கு, அருட்சகோதரியும் மாதர் சங்கத்தார் இருவரும் அமர்ந்து பேசும் பேச்சு.

இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டோம். கேட்குமுன் இசைவு பெறல் வேண்டும். மறுப்பவருக்கு மருந்து மறுக்கப்படாது. காசநோய், மது, மனநோய் பற்றிய செய்தி எதுவும் பெயரோடு வெளிவரலாகாது. ஒப்புரவுத் தொட்டியில் கேட்டதைக் காப்பவர் பதிவேட்டில் எழுதியதையும் காக்கக் கடமைப்பட்டவரே. இரண்டாவது, திரட்டிய செய்தியைத் தந்தவர்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டும். மீன் விற்கும் பெண்கள் கூடியிருந்தபோது, மருந்து உண்ணாமைக்குக் கழிப்பிடம் இல்லாமையும் ஒரு காரணம் என்று சொன்னோம். அதைக் கேட்டவுடன் தாமே முன்வந்து மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதி, வரிசையாகக் கையொப்பமிட்டனர். மருத்துவரும் அவர்களுள் பலருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டாண்டு மருந்து செய்யாததை அந்த ஒரு செய்தி செய்தது.

இவ்வாண்டுக் கூட்டத்திலும் அறிக்கை வாசிக்கப்பெற்றது. எண் சிறியது. பட்டியலில் உள்ளோரில் முகாமுக்கு வந்தவர் பாதிக்கும் குறைவு. வந்தவருள் அழுத்தம் தணிந்தவர் அதிலும் குறைவு. செயலாளர் தயங்கித் தயங்கிப் படித்தார். கைதட்டல் எழவில்லை. "எந்தத் தெருவில வரல?" என்று ஒருவர் கேட்டார். "ராத்திரி ஷிப்டு ஆளுங்களுக்கு சாயங்காலம் வெச்சா என்ன?" என்றார் மற்றொருவர். அக்கூட்டம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக நடந்தது.

பின்வரிசையில் அருட்சகோதரியின் அருகே ஆயா அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் இடக்கையால் தம் அட்டையை எடுத்து நம்மிடம் நீட்டினார். அட்டையைப் பார்த்தோம். அழுத்தம் 138, 84 என்றிருந்தது. பூஜ்யத்தில் முடியாத எண்.